லெபெக் ஒரு பேப்பர், பானக் ஒரு பேப்பர், நடுவுல போக்னர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பத்திரிகையோட கல்விப் பக்கத்தை விடாம படிக்கிறவங்கள்ல நானும் ஒருத்தன், கல்லூரியில கணித ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடக் கணக்கு பத்தி நிறைய வருது, போட்டித் தேர்வு பத்தி வருது, டிசம்பர் 22 வந்தா தேசிய கணித தினம்னு ராமானுஜன் பத்தி ஒரு பக்கமே வருது, எல்லாம் ரொம்ப சந்தோஷம். ஆனா எம்எஸ்சி கணிதம் படிக்கிற பிள்ளைங்களோட வகுப்புக்குள்ள என்ன சொல்லித் தர்றோம், என்ன விட்டுடறோம்னு பேப்பர்ல யாரும் பேசறதில்லை. பல இடத்துல பாடத்திட்டத்தை மாத்தி எழுதற வேலை நடக்குற இந்த நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும், போக்னர் இன்டெக்ரல்னு நாம வகுப்புல விட்டுடற ஒரு பாடத்தைப் பத்தி மட்டும் சொல்லணும்னு நினைக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும்.

எம்எஸ்சி-ல மெஷர் தியரின்னு ஒரு பேப்பர் இருக்கு, அதுல லெபெக் இன்டெக்ரல், எல்-பி ஸ்பேஸ் (பி-ஆவது அடுக்கை இன்டெக்ரேட் பண்ணினா முடிவுள்ள விடை வர்ற ஃபங்ஷன்களோட ஸ்பேஸ்), ஹோல்டர் சமனின்மை எல்லாம் வரும். ஃபங்ஷனல் அனாலிசிஸ்னு இன்னொரு பேப்பர், அதுல நார்ம் (வெக்டரோட நீளம்), பானக் ஸ்பேஸ் (நார்ம் இருக்குற முழுமையான வெக்டர் ஸ்பேஸ்), ஹில்பர்ட் ஸ்பேஸ் (கோணமும் அளக்க முடியற பானக் ஸ்பேஸ்), டூயல் (வெக்டரை வாங்கி நம்பர் குடுக்குற ஃபங்ஷனல்களோட ஸ்பேஸ்), ஹான்-பானக் தேற்றம் எல்லாம் வரும். பிள்ளைங்க ரெண்டையும் நல்லாவே படிச்சு நல்ல மார்க்கும் வாங்கறாங்க. அப்புறம் பிஎச்டி-க்குப் போய் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை கையில எடுத்தா முதல் பக்கத்துலயே எல்-டூ, அடைப்புக்குள்ள 0 முதல் டி வரைக்கும், ஒரு அரைப்புள்ளி, அதுக்குப் பின்னாடி எச்-ஒன்-னு (ஃபங்ஷனும் அதோட வகைக்கெழுவும் எல்-டூ-வுல இருக்குற ஸ்பேஸ்) எழுதியிருக்கு. அந்த அரைப்புள்ளிக்குப் பின்னாடி இன்னொரு ஸ்பேஸ் எதுக்கு உட்கார்ந்திருக்குன்னு பிள்ளைக்குத் தெரியாது, ஏன்னா நாங்க யாரும் சொல்லித் தரலை. லெபெக் தெரியும், பானக் தெரியும், பானக் ஸ்பேஸ்ல மதிப்பு எடுக்குற ஃபங்ஷனை லெபெக் முறையில இன்டெக்ரேட் பண்ணலாம்ங்கிறது மட்டும் தெரியாது. ஒரே தெருவுல குடியிருக்கிற ரெண்டு சம்பந்தி வீட்டையும் கடைசி வரைக்கும் அறிமுகமே செஞ்சு வைக்காத மாதிரி இருக்கு இது.

விஷயம் என்னன்னு கணிதம் படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிப் பார்க்கறேன். ஒரு இரும்புக் கம்பியை ஒரு முனையில சூடு பண்றோம்னு வெச்சுக்குங்க. எந்த நேரத்துல எந்த இடத்துல எவ்வளவு சூடுன்னு கேட்டா ஒரு நம்பர் கிடைக்கும், இது வழக்கமான பார்வை. இன்னொரு பார்வை இருக்கு, நேரத்தை மட்டும் கையில வெச்சுக்கிட்டு இந்த நொடியில கம்பி முழுக்க சூடு எப்படிப் பரவியிருக்குன்னு கேட்கறது. அப்போ பதிலா வர்றது ஒரு நம்பர் கிடையாது, ஒரு முழு வளைகோடு, அதாவது முடிவில்லாத பரிமாணம் உள்ள ஒரு ஃபங்ஷன் ஸ்பேஸ்ல ஒரு புள்ளி. நேரம் ஓட ஓட அந்தப் புள்ளி அந்த ஸ்பேஸுக்குள்ள நகருது. இப்படிப் பார்த்தவுடனே ஃபூரியேயோட வெப்பச் சமன்பாடு, பார்க்கறதுக்கே பயமா இருக்குற பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, ப்ளஸ் டூ பிள்ளை போடற சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு மாதிரி ஒரு வரியில வந்து நின்னுடும். ஆனா அதைத் தீர்க்கணும்னா அந்த நகர்ற புள்ளியை நேரத்தைப் பொறுத்து இன்டெக்ரேட் பண்ணத் தெரியணும். வெக்டர் மதிப்புள்ள ஃபங்ஷனுக்கு இன்டெக்ரல்னா என்ன?

பார்த்தவுடனே இதுல என்ன கஷ்டம்னு தோணும், ஆனா கஷ்டம் இருக்கு. நம்பர் மதிப்புள்ள ஃபங்ஷனுக்கு மேல்தொகை கீழ்த்தொகைன்னு ரெண்டு பக்கமும் நெருக்கிக்கிட்டு வர்றோம், லெபெக் 1902-ல தன் ஆய்வேட்டுல மதிப்பு விழுற அச்சையே துண்டு துண்டா வெட்டினார், ரெண்டுக்குமே இது பெருசு இது சிறுசுன்னு ஒரு வரிசை வேணும். பானக் ஸ்பேஸ்ல ரெண்டு வெக்டரை எடுத்து எது பெருசுன்னு கேட்டா பொதுவா பதிலே கிடையாது. கையில இருக்கிறது நார்ம் ஒண்ணுதான், ரெண்டு வெக்டருக்கு நடுவுல தூரம் எவ்வளவுன்னு அது சொல்லும், அவ்வளவுதான்.

சாலமன் போக்னர் 1933-ல செஞ்சது என்னன்னா அந்த நார்மை மட்டும் வெச்சுக்கிட்டே வேலையை முடிச்சது. முதல்ல சிம்பிள் ஃபங்ஷன், அதாவது எண்ணி முடிக்கிற அளவு சில செட்டு, ஒவ்வொரு செட்டு மேலயும் ஒரே ஒரு வெக்டர் மதிப்பு, அதோட இன்டெக்ரல் செட்டோட அளவை அந்த வெக்டரால பெருக்கிக் கூட்டறதுதான், இதுல யாருக்கும் சண்டை இல்லை. அடுத்து, இப்படிப்பட்ட சிம்பிள் ஃபங்ஷன்களோட வரிசை ஒண்ணு கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியிலயும் (அதாவது அளவு பூஜ்யமான ஒரு செட்டு தவிர) நம்ம ஃபங்ஷனை நார்ம்ல நெருங்கினா அதை ஸ்ட்ராங்லி மெஷரபிள்னு சொல்றோம். கடைசியா, நம்ம ஃபங்ஷனுக்கும் சிம்பிள் ஃபங்ஷனுக்கும் உள்ள வித்தியாசத்தோட நார்மை எடுத்தா அது சாதாரண நம்பர் ஃபங்ஷன், அதை லெபெக்கே இன்டெக்ரேட் பண்ணிடுவார், அது பூஜ்யத்துக்குப் போனா சிம்பிள் ஃபங்ஷன்களோட இன்டெக்ரல் எல்லாம் ஒரு வெக்டர்ல போய்க் குவியும், அந்த வெக்டர்தான் விடை. அவர் தந்த அளவுகோல் ஒரு வரிதான்: ஸ்ட்ராங்லி மெஷரபிளா இருக்குற ஃபங்ஷனோட நார்மை லெபெக் முறையில இன்டெக்ரேட் பண்ணி முடிவுள்ள விடை வந்தா போதும், ஃபங்ஷனையும் இன்டெக்ரேட் பண்ணலாம், இல்லாட்டி முடியாது. இவ்வளவு சுத்தமா ஒரு அளவுகோல் கிடைக்கறது அபூர்வம்.

அந்த மனுஷரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லணும். 1899-ல கிராகோ நகரத்தை ஒட்டின பொட்கூர்சேயில பிறந்த யூதர், முதல் உலகப்போர் சமயத்துல குடும்பம் பெர்லினுக்குப் போச்சு, 1921-ல அங்கேயே டாக்டர் பட்டம். அப்புறம் ம்யூனிக்ல பாடம் நடத்தினார். 1933-ல ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே வருஷம் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுல பிரின்ஸ்டனுக்குப் போயிட்டார். அதே வருஷம்தான் இந்த இன்டெக்ரல் கட்டுரையும் போலந்துல இருந்து வந்த ஃபண்டமென்டா மேத்தமேட்டிகே இதழ்ல அச்சாச்சு, ஜெர்மன் மொழியில. பானக்கோட ஆய்வேடு 1922-ல அச்சானதும் அதே இதழ்லதான். கையில பெட்டியோட நாடு விட்டுப் போற நிலைமையில இருந்த ஒருத்தர் எழுதினதை நம்ம பிள்ளைங்க ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கிறதுக்கு இடம் இல்லைன்னு சொல்றது எனக்கு ஏத்துக்க முடியலை.

சரி, ஸ்பேஸுக்கு வர்றேன். எக்ஸ்-னு ஒரு பானக் ஸ்பேஸ் எடுத்துக்குங்க, அதுல மதிப்பு எடுக்குற ஸ்ட்ராங்லி மெஷரபிள் ஃபங்ஷனை எடுத்துக்குங்க, ஒவ்வொரு புள்ளியிலயும் நார்ம் எடுத்து, பி-ஆவது அடுக்குக்கு ஏத்தி, இன்டெக்ரேட் பண்ணி, பி-ஆவது மூலம் எடுத்தா ஒரு நம்பர் வரும். அந்த நம்பர் முடிவுள்ளதா இருக்குற ஃபங்ஷன் எல்லாம் சேர்ந்ததுதான் போக்னர் ஸ்பேஸ், எல்-பி அரைப்புள்ளி எக்ஸ்-னு எழுதறது இதைத்தான், அந்த நம்பர்தான் அதோட நார்ம், கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியிலயும் ஒத்துப் போற ரெண்டு ஃபங்ஷனை ஒண்ணாவே எடுத்துக்கறோம். பார்த்தீங்கன்னா உள்ள ஒரு நார்ம், வெளிய ஒரு நார்ம், உள்ள இருக்கிறது ஒரு நொடியில கம்பியோட நிலைமையை அளக்குது, வெளிய இருக்கிறது அந்த அளவு நேரம் முழுக்க எப்படி நடந்துக்குதுன்னு அளக்குது. இது முழுமையான ஸ்பேஸ்ங்கிறதுக்கு, எல்-பி முழுமையானதுன்னு காட்டற ரீஸ்-ஃபிஷர் நிரூபணத்தையே எடுத்து மோடுலஸ் இருக்குற இடத்துல எல்லாம் நார்ம் போட்டா போதும், டாமினேட்டட் கன்வர்ஜன்ஸும் அப்படியே வரும், எக்ஸ் ஹில்பர்ட் ஸ்பேஸா இருந்து பி 2-ஆ இருந்தா இதுவும் ஹில்பர்ட் ஸ்பேஸ். வகுப்புல ரெண்டு மணி நேர வேலை, புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அப்போ எல்லாமே நார்ம் குறியை மாத்திப் போடற வேலைதானா, இதுக்கு எதுக்கு தனிப் பாடம்னு சில நண்பர்கள் என்கிட்ட கேட்டிருக்காங்க. அங்கதான் விஷயமே இருக்கு. எது எது அப்படியே வராதுங்கிறதுதான் இந்தப் பாடத்தோட உயிர்.

முதல்ல மெஷரபிள்ங்கிறதையே எடுத்துக்குங்க. ஒரு வெக்டர் ஃபங்ஷனை நேரா பார்க்க முடியலைன்னா டூயல்ல இருந்து ஒவ்வொரு ஃபங்ஷனலா எடுத்து அது வழியா பார்க்கலாம்னு தோணும், அப்படிப் பார்க்கும்போது வர்ற நம்பர் ஃபங்ஷன் எல்லாம் மெஷரபிளா இருந்தா அது வீக்லி மெஷரபிள். இது போதுமா? போதாது. 0 முதல் 1 வரைக்கும் உள்ள ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு தனி அச்சு இருக்குற பிரம்மாண்டமான ஹில்பர்ட் ஸ்பேஸை நினைச்சுக்குங்க, ஒவ்வொரு டி-க்கும் அந்த அச்சோட யூனிட் வெக்டரை மதிப்பா குடுங்க. எந்த ஃபங்ஷனல் வழியா பார்த்தாலும் எண்ணத்தக்க சில புள்ளி தவிர மத்த எல்லா இடத்துலயும் பூஜ்யம்தான் தெரியும், அதனால வீக்லி மெஷரபிள், அந்த வழியில இன்டெக்ரலும் பூஜ்யம். ஆனா ஃபங்ஷனோட நார்ம் எல்லாப் புள்ளியிலயும் 1! எந்த ரெண்டு மதிப்பை எடுத்தாலும் நடுவுல ரூட் 2 தூரம் இருக்கு, சிம்பிள் ஃபங்ஷன் வெச்சு கிட்டயே போக முடியாது. 1938-ல பெட்டிஸ் இதைத் தீர்த்து வெச்சார், வீக்லி மெஷரபிளா இருக்கணும், கூடவே கிட்டத்தட்ட எல்லா மதிப்பும் ஒரு செபரபிள் சப்ஸ்பேஸுக்குள்ள (எண்ணத்தக்க புள்ளிகளை வெச்சே எந்தப் புள்ளிக்கும் எவ்வளவு கிட்டவும் போக முடியற சப்ஸ்பேஸ்) அடங்கணும், இந்த ரெண்டும் சேர்ந்தா ஸ்ட்ராங்லி மெஷரபிள், ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் கிடையாது. செபரபிள்ங்கிறதை டோபாலஜி பேப்பர்ல டெஃபனிஷனா எழுதி வெச்சுட்டுப் போற பிள்ளைக்கு அது எதுக்குன்னு புரியற இடம் இதுதான்.

இன்னொரு உதாரணம், எனக்கு ரொம்பப் பிடிச்சது. டி நேரத்துல 0 முதல் டி வரைக்கும் மதிப்பு 1, அதுக்கு அப்புறம் 0, அதாவது ஒரு படிக்கட்டு விளிம்பு ஒரே சீரா வலது பக்கம் நகருது. குழாய்க்குள்ள ஷாக் வேவ் போறதோட மிக எளிமையான படம் இதுன்னு சொல்லலாம். இதை எல்-ஒன் ஸ்பேஸ்ல மதிப்பு எடுக்குற ஃபங்ஷனா பார்த்தா ரெண்டு நேரத்துக்கு நடுவுல உள்ள தூரம் அந்த நேர வித்தியாசமேதான், அதனால கன்டினியூஸ், லிப்ஷிட்ஸ் கூட, அதாவது தூரம் நேர வித்தியாசத்தோட ஒரு நிலையான மடங்கைத் தாண்டாது. இதையே எல்-இன்ஃபினிட்டி ஸ்பேஸ்ல (அங்க தூரம்னா ரெண்டு வளைகோட்டுக்கும் உள்ள அதிகபட்ச உயர வித்தியாசம்) மதிப்பு எடுக்குறதா பார்த்தா எந்த ரெண்டு வேற வேற நேரத்தை எடுத்தாலும் தூரம் 1, எண்ணத்தகாத அளவு புள்ளிங்க ஒண்ணை ஒண்ணு நெருங்காம நிக்குது, கன்டினியூஸ் இல்லைங்கிறது போகட்டும், ஸ்ட்ராங்லி மெஷரபிளே கிடையாது. ஒரே படிக்கட்டு, ஒரே நகர்வு, உள்ள இருக்குற நார்மை மாத்தினவுடனே ஃபங்ஷனோட குணமே மாறிடுச்சு. இதனாலதான் ரெண்டு மாறியிலயும் சேர்த்து எல்-இன்ஃபினிட்டின்னு சொல்றதும், எல்-இன்ஃபினிட்டி அரைப்புள்ளி எல்-இன்ஃபினிட்டின்னு சொல்றதும் வேற வேற. பி முடிவுள்ளதா இருந்தா ஃபுபினி தேற்றத்தால ரெண்டும் ஒண்ணுதான், முடிவிலிக்குப் போனவுடனே பிரிஞ்சிடும். ஆராய்ச்சி மாணவர்கள் ரெண்டையும் ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு எழுதறதை நிறைய பார்த்திருக்கேன், அவங்களை எப்படிக் குறை சொல்றது, சொல்லித் தராதது நாமதானே.

அதே படிக்கட்டை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். நம்பர் மதிப்புள்ள லிப்ஷிட்ஸ் ஃபங்ஷன் கிட்டத்தட்ட எல்லாப் புள்ளியிலயும் வகையிடத்தக்கதுன்னு லெபெக் நிரூபிச்சிருக்கார். எல்-ஒன்ல நகர்ற நம்ம படிக்கட்டு லிப்ஷிட்ஸ்தான், ஆனா வகையிட்டுப் பாருங்க, எச் நேரத்துல நடந்த மாற்றத்தை எச்-ஆல வகுத்தா எச் அகலமும் எச்-ல ஒரு பங்கு உயரமும் உள்ள ஒல்லியான ஒரு கம்பம் வரும், எச் சின்னதாக ஆக கம்பம் ஒல்லியாகி உயரமாகிக்கிட்டே போகும், அதோட எல்-ஒன் நார்ம் எப்பவும் 1, ஆனா அது போய்ச் சேர ஒரு ஃபங்ஷன் எல்-ஒன்ல இல்லை. அதாவது ஒரு புள்ளியில கூட வகையிட முடியாது! இந்தக் குறை ஃபங்ஷனோடது இல்லை, எல்-ஒன் ஸ்பேஸோடது. எந்த பானக் ஸ்பேஸ்ல இந்தக் குறை வராதோ அதுக்கு ராடான்-நிகோடிம் குணம் இருக்குன்னு சொல்றோம், ரிஃப்ளெக்ஸிவ் ஸ்பேஸ் (டூயலோட டூயல் எடுத்தா அதே ஸ்பேஸ் திரும்பி வர்றது) எல்லாத்துக்கும் உண்டு, செபரபிளா இருக்குற டூயல் ஸ்பேஸ்களுக்கும் உண்டு, எல்-ஒன்னுக்கும், பூஜ்யத்துக்குப் போற நம்பர் வரிசைகளோட சி-நாட் ஸ்பேஸுக்கும் கிடையாது. கிளார்க்சன் 1936-லயே யூனிஃபார்ம்லி கான்வெக்ஸ் ஸ்பேஸ்னு ஒரு வகையை உருவாக்கி அதுல இந்தச் சிக்கல் வராதுன்னு காட்டினார். இந்தக் குணம் இருந்தாத்தான் போக்னர் ஸ்பேஸோட டூயல் நாம எதிர்பார்க்குற மாதிரி இருக்கும், அதாவது எக்ஸ்-ஓட டூயலுக்கு ராடான்-நிகோடிம் குணம் இருந்தா பி முடிவுள்ளதா இருக்கும்போது 'எல்-பி அரைப்புள்ளி எக்ஸ்'-ங்கிற ஸ்பேஸோட டூயல் 'எல்-க்யூ அரைப்புள்ளி எக்ஸ்-டூயல்'-ங்கிற ஸ்பேஸ் (1/பி-யும் 1/க்யூ-வும் கூட்டினா 1), அந்தக் குணம் இல்லைன்னா டூயல் அதைவிடப் பெருசு. மெஷர் தியரியில படிச்ச ராடான்-நிகோடிமும் ஃபங்ஷனல் அனாலிசிஸ்ல படிச்ச டூயலும் ஒரே தேற்றத்துல வந்து நிக்குது பாருங்க.

இதோட நிக்கலை. நம்பர் ஃபங்ஷன் மேல ஹில்பர்ட் டிரான்ஸ்ஃபார்ம் 1-க்கும் முடிவிலிக்கும் நடுவுல எந்த பி எடுத்தாலும் எல்-பி-ல கட்டுக்குள்ள இருக்கும்னு மார்செல் ரீஸ் 1920-கள்ல காட்டிட்டார், ஆனா வெக்டர் மதிப்புள்ள ஃபங்ஷனுக்கு எக்ஸ் எதுவா இருந்தாலும் அது நடக்காது. எந்த எக்ஸ்-க்கு நடக்கும்னு 1983-ல பர்க்ஹோல்டர் ஒரு பக்கமும் பூர்கெய்ன் மறுபக்கமும் நிரூபிச்சு முடிச்சாங்க, விடை மார்ட்டிங்கேல்ல இருந்து வந்துச்சு, அதாவது சூதாட்டக் கணக்குல பிறந்த ஒரு கருத்து, சிக்னல் பிராசஸிங்ல பயன்படற ஒரு டிரான்ஸ்ஃபார்முக்குப் பதில் சொல்லுது. ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் கதை இன்னும் கறார், எல்-டூ-வுல வெக்டர் மதிப்புக்கு அது கட்டுக்குள்ள இருந்தா அந்த எக்ஸ் ஹில்பர்ட் ஸ்பேஸோட ஐசோமார்ஃபிக்கா இருந்தே ஆகணும்னு 1972-ல குவாப்பியன் காட்டினார்.

நம்ம ஊர்க்காரங்களுக்கும் இதுல இடம் உண்டு. சென்னையில பிறந்து பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச எஸ்.ஆர்.எஸ். வரதன், 2007-ல ஏபல் பரிசு வாங்கினவர், கல்கத்தாவுல இந்தியப் புள்ளியியல் கழகத்துல ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ 1962-ல சங்க்யா இதழ்ல எழுதின கட்டுரை ஹில்பர்ட் ஸ்பேஸ்ல மதிப்பு எடுக்குற ரேண்டம் வேரியபிள்களோட கூட்டலுக்கான லிமிட் தேற்றங்களைப் பத்தினது. ஸ்பேஸ்ல மதிப்பு எடுக்குற ரேண்டம் வேரியபிள்னா வேற என்ன, நிகழ்தகவு ஸ்பேஸ் மேல இருக்குற வெக்டர் மதிப்புள்ள மெஷரபிள் ஃபங்ஷன்தானே, அதோட சராசரி போக்னர் இன்டெக்ரல்தானே. பெரும் எண்கள் விதி எந்த செபரபிள் பானக் ஸ்பேஸ்லயும் நார்மோட சராசரி முடிவுள்ளதா இருந்தா போதும்னு 1953-ல எடித் மூரியே காட்டினார். சென்ட்ரல் லிமிட் தேற்றமோ அப்படி எல்லா ஸ்பேஸ்லயும் வராது, நார்மோட ஸ்கொயருக்கு முடிவுள்ள சராசரி இருந்தாலே போதும்ங்கிற மாதிரி அது வேணும்னா ஸ்பேஸ் டைப் 2-ன்னு ஒரு குணத்தோட இருக்கணும்னு 1976-ல ஹாஃப்மன்-யோர்கன்சனும் பிசியேவும் நிரூபிச்சாங்க. டிசம்பர் 22 பக்கத்துல ராமானுஜனுக்குப் பக்கத்துல வரதனோட இந்த வேலையையும் ஒரு வருஷம் எழுதுங்கன்னு உங்களைக் கேட்டுக்கறேன், நம்ம பிள்ளைங்களுக்கு அவர் பேர் தெரியும், அவர் என்ன செஞ்சார்னு தெரியாது.

கடைசியா பயன் என்னன்னு கேக்கறவங்களுக்கு. நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு, தண்ணி ஓடறதுக்கும் காத்து வீசறதுக்கும் எழுதின சமன்பாடு, அதுக்கு முப்பரிமாணத்துல எப்பவும் வழுவழுப்பான தீர்வு இருக்கான்னு கேக்கற கேள்விக்கு 2000-ல க்ளே நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிச்சது, இன்னும் யாரும் வாங்கலை. 1934-ல லெரேயும் 1951-ல ஹாப்ஃபும் கட்டின வீக் சொல்யூஷன் எங்க வாழுதுன்னா, எல்-இன்ஃபினிட்டி அரைப்புள்ளி எல்-டூ, எல்-டூ அரைப்புள்ளி எச்-ஒன், இந்த ரெண்டு போக்னர் ஸ்பேஸ்லயும் சேர்த்து வாழுது. முதலாவது எந்த நேரத்துலயும் இயக்க ஆற்றல் எல்லை மீறாதுன்னு சொல்லுது, ரெண்டாவது நேரம் முழுக்க பாகுத்தன்மையால விரயமாகுற ஆற்றலுக்குக் கணக்கு வைக்குது. அதாவது இயற்பியல் என்ன சொல்லுதோ அதை அப்படியே ரெண்டு நார்மா எழுதியிருக்கு. இப்போ நேரத்துக்கு ஆர், இடத்துக்கு எஸ்-னு அடுக்கு எடுத்துக்கிட்டு எல்-ஆர் அரைப்புள்ளி எல்-எஸ் ஸ்பேஸைப் பாருங்க. 2-ஐ ஆர்-ஆல வகுத்து, 3-ஐ எஸ்-ஆல வகுத்து, கூட்டினா 1-ஐ தாண்டாம இருக்குற ஒரு ஸ்பேஸ்ல, எஸ் 3-ஐ விடப் பெருசா, தீர்வு இருந்துட்டா அது வழுவழுப்பா இருக்கும், வேற தீர்வும் இருக்காது, இது ப்ரோடி, செர்ரின் ரெண்டு பேரோட வேலை, எஸ் சரியா 3-ஆ இருக்குற ஓரத்தை 2003-ல எஸ்கௌரியாசா, செரெகின், ஷ்வெராக் மூணு பேரும் சேர்ந்து முடிச்சாங்க. லெரே தீர்வுக்கு நம்ம கையில இருக்குற ஆற்றல் கணக்கு குடுக்கறது என்ன தெரியுமா, அந்தக் கூட்டல் 3/2 வர்ற ஸ்பேஸ்கள்தான். 1 வேணும், கையில இருக்கிறது 3/2. லெரே எழுதி இத்தனை வருஷமாகியும் அந்த அரையை யாராலயும் குறைக்க முடியலை. போக்னர் ஸ்பேஸ் தெரியாத பிள்ளைக்கு இந்தக் கணக்கை வாசிச்சே காட்ட முடியாது, தெரிஞ்ச பிள்ளைக்கு அரை மணி நேரத்துல உலகத்தோட பெரிய தீராத கேள்வி ஒண்ணு எங்க முட்டிக்கிட்டு நிக்குதுன்னு புரிஞ்சிடும்.

இதுக்கு எதிரா சொல்றவங்க ரெண்டு காரணம் சொல்றாங்க. நெட் தேர்வுல வராதுங்கிறாங்க, பிள்ளைங்க சாதாரண லெபெக்குக்கே திணர்றாங்கங்கிறாங்க. முதல் காரணத்துக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை, தேர்வுல வர்றதை மட்டும் சொல்லித் தர்றதுக்கு கோச்சிங் சென்டர் இருக்கு. ரெண்டாவது காரணம் நியாயமானது, ஆனா என் அனுபவம் வேற மாதிரி. நார்ம் வெச்சு இன்டெக்ரல் கட்டும்போது சில பிள்ளைங்களுக்கு லெபெக்கே அப்பத்தான் தெளிவாகுது, மேல்தொகை கீழ்த்தொகை இல்லாம சிம்பிள் ஃபங்ஷனும் தூரமும் மட்டும் வெச்சு ஒரு தடவை கட்டிப் பார்த்தா எது அவசியம் எது வெறும் பழக்கம்னு பிரிஞ்சு தெரியும்.

என் யோசனை பெருசா ஒண்ணும் இல்லை. ஃபங்ஷனல் அனாலிசிஸ் பேப்பர்ல அஞ்சு யூனிட் இருக்குன்னா கடைசி யூனிட்ல பாதியை இதுக்குக் குடுங்க. சிம்பிள் ஃபங்ஷன், போக்னரோட அளவுகோல், பெட்டிஸ் தேற்றம் நிரூபணத்தோட, போக்னர் ஸ்பேஸ் முழுமையானதுங்கிறது, மூடிய ஆபரேட்டரை இன்டெக்ரலுக்குள்ள கொண்டு போகலாம்ங்கிற ஹில்லே தேற்றம், நகர்ற படிக்கட்டு உதாரணம், இவ்வளவு போதும். டூயலையும் ராடான்-நிகோடிமையும் நிரூபணம் இல்லாம சொல்லிட்டு விட்டுடலாம், ஹில்பர்ட் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் பிஎச்டி கோர்ஸ் வொர்க்குக்கு. பகுதி வகைக்கெழுச் சமன்பாடு நடத்தறவர் அடுத்த செமஸ்டர்ல வெப்பச் சமன்பாட்டை இந்த மொழியில ஒரு தடவை எழுதிக் காட்டினா பிள்ளை பிடிச்சுக்கும். கேள்வித்தாள்லயும் டெஃபனிஷன் எழுதுன்னு கேக்காம, படிக்கட்டு ஃபங்ஷனை எல்-ஒன், எல்-டூ, எல்-இன்ஃபினிட்டி மூணுலயும் பார்த்து எதுல மெஷரபிள், எதுல லிப்ஷிட்ஸ்னு காரணத்தோட எழுதுன்னு கேக்கணும். எல்-டூ-வுல தூரம் நேர வித்தியாசத்தோட ரூட்டா வரும், கன்டினியூஸ் ஆனா லிப்ஷிட்ஸ் இல்லை, போட்டுப் பார்க்குற பிள்ளை தானே கண்டுபிடிச்சுடும்.

போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல உட்கார்ந்திருக்குற ஆசிரியர்கள் நிறைய பேர் உங்க பத்திரிகையைப் படிக்கிறவங்க, அதனாலதான் கணித இதழ் எதுக்கும் எழுதாம உங்களுக்கு எழுதறேன். இடம் பத்தலைன்னா வரலாற்றுப் பகுதியை வெட்டிக்கங்க, படிக்கட்டு உதாரணத்தையும் 3/2 கணக்கையும் மட்டும் வெட்டாம போடுங்க. யாராவது ஆசிரியர் இதை வகுப்புல நடத்த விரும்பினா தமிழ்ல எழுதி வெச்ச குறிப்பு என்கிட்ட இருக்கு, உங்க அலுவலகம் மூலமா கேட்டா அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்,
தஞ்சாவூர்